அம்மா முட்டிக்கு போடுற வலி ஜெல்லை மாட்டு முட்டிக்கும் தடவலாமா?

பாகூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பாகூர் பக்கத்துல இருந்து எழுதறேன். எங்க வீட்ல ஜெர்சி கலப்பு பசு ஒண்ணு இருக்கு, அஞ்சாவது ஈத்து, காலைல ஆறு லிட்டர் சாயங்காலம் நாலு லிட்டர் கறக்குது. ஒன்றரை மாசமா வலது முன்னங்கால் முட்டில வீக்கம். மொதல்ல எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சு இப்ப சின்ன தேங்காய் அளவுக்கு வந்துருச்சு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி, தினமும் ராத்திரி டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிட்டு தான் படுப்பாங்க. பத்து நாளா அதே டியூப்ல இருந்து மாட்டுக்கும் தடவறாங்க. எனக்கு நேத்து தான் தெரியும். கேட்டா "எனக்கு கேக்குதுல்ல, அதுக்கும் கேக்கும், வாயில்லா ஜீவன் வலின்னு சொல்லுமா" அப்படின்றாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மனசு வரல, அந்த மாட்டை கன்னுல இருந்து வளர்த்தது அவங்க தான்.

ஊசி போட்டா பால் குறையும்னு பயப்படறாங்க, தோல் மேல தடவுறது தானே உள்ள போகாதுன்னு நினைக்கிறாங்க. இது சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நெல்லிக்குப்பம்_கரும்பு

தம்பி எங்க மாட்டுக்கும் ஒரு தடவை இப்படி வந்துச்சு, வாதநாராயணன் இலையும் நொச்சியும் வதக்கி துணில கட்டி ஒத்தடம் குடுத்தோம், கொஞ்ச நாள்ல வத்திடுச்சு. ஜெல்லும் தடவிருக்கோம், ஒண்ணும் ஆகல. மனுஷனுக்கே போடறது மாட்டுக்கு என்ன பண்ணிடும், அது எவ்ளோ பெரிய உடம்பு. சும்மா பயப்படாத.

மருந்துக்கடை_வில்லியனூர்

அண்ணே மன்னிச்சுக்கோங்க, இதுல நான் ஒத்துக்க மாட்டேன். பதினோரு வருஷமா மருந்துக்கடைல நிக்கிறேன். மாட்டுக்குன்னு சொல்லி வலி ஜெல் கேக்கறவங்க மாசத்துல ரெண்டு மூணு பேராவது வராங்க. டைக்ளோஃபெனாக் மாட்டுக்கு குடுக்கக்கூடாத மருந்து. 2006-லயே கால்நடைக்குன்னு தயாரிக்கறதை நிறுத்தினாங்க, 2008-ல மனுஷங்களுக்கு வர்றதையும் கால்நடைக்கு விக்கக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. மாட்டுக்குன்னு சொல்லிட்டா நான் குடுக்கறது இல்ல. மாட்டு டாக்டர் சீட்டு எழுதி குடுத்து வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன். சிலர் கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்கு போவாங்க, போகட்டும்.

பாகூர் தம்பி, அந்த டியூப்ல பின்பக்கம் படிச்சு பாருங்க. டைக்ளோஃபெனாக் மட்டும் இருக்காது. நிறைய ஜெல்ல மீத்தைல் சாலிசிலேட் 10 சதவீதம், மென்தால் 5 சதவீதம், ஆளி விதை எண்ணெய் எல்லாம் சேர்ந்து இருக்கும். மாடு அதை நக்கினா எல்லாமே வயித்துக்குள்ள தான்.

பாகூர்க்காரன்

ஆமா, நீங்க சொன்ன நாலும் அப்படியே போட்டிருக்கு. நக்குதா பார்க்கறேன் அண்ணே.

பாகூர்க்காரன்

காலைல பார்த்தேன். நக்குது. அம்மா தடவிட்டு திரும்பறதுக்குள்ள தலையை திருப்பி நாக்கால ஒரு இழுப்பு. பக்கத்துல கட்டியிருக்கற கிடேரி கன்னும் எட்டி அந்த முட்டியை நக்குது, அந்த வாசனை அதுக்கு புடிச்சிருக்கு போல.

இன்னொன்னு கவனிச்சேன், அது தான் ரொம்ப உறுத்துது. அம்மா மொதல்ல ஜெல் தடவறாங்க, கையை புடவைல துடைக்கறாங்க, அப்புறம் அதே கையால கறக்க உக்காந்துடறாங்க. நாலு காம்பும் அந்த கை தான். அந்த பால் தான் சொசைட்டிக்கு போகுது, அதுல அரை லிட்டர் எங்க அக்கா பையனுக்கு, ஒண்ணே முக்கால் வயசு.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

தம்பி, கடலூர் மாவட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல கால்நடை ஆஸ்பத்திரில வேலை பார்த்துட்டு இப்ப வீட்ல இருக்கேன். உங்க கடைசி பதிவை படிச்சுட்டு தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

தோல் மேல தடவினா உள்ள போகாதுன்னு நினைக்கறது தப்பு. உள்ள போகணும்னு தான் அந்த ஜெல்லையே செய்யறாங்க. தோலோட மேல் அடுக்கு செத்த செல்லுங்க, கீத்து கொட்டாய்ல கீத்து மேல கீத்து வச்ச மாதிரி அடுக்கா இருக்கும், நடுவுல கொழுப்பு. தண்ணி லேசுல இறங்காது. ஆனா கொழுப்புல கரையற சின்ன மருந்து அந்த இடுக்கு வழியா வளைஞ்சு வளைஞ்சு இறங்கிடும். மூலக்கூறு எடை 500-க்கு கீழ இருந்தா தோல்ல நுழைய வாய்ப்பு உண்டுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. டைக்ளோஃபெனாக் 296, மாட்டுக்கு போடற வலி மருந்துங்க ஃப்ளூனிக்சின் 296, மெலாக்சிகாம் 351. எல்லாமே நுழையற அளவு தான். மயிர்க்கால் வழியாவும் கொஞ்சம் போகும். அதுல தோல் சிராய்ச்சிருந்தா கேக்கவே வேணாம், கதவே தொறந்து கிடக்கற மாதிரி. சிமெண்ட் தரைல நிக்கற மாட்டுக்கு முட்டில மயிர் உதிர்ந்து தோல் தேஞ்சு தான் இருக்கும். மருந்து தடவி மேல பிளாஸ்டிக் சுத்தி கட்டினா இன்னும் அதிகமா இறங்கும், அதை யாரும் பண்ணிடாதீங்க.

மனுஷங்க முட்டில ஜெல் தடவும்போது ரத்தத்துல சேர்றது, மாத்திரையா முழுங்கறதுல சுமார் நூத்துக்கு ஆறு பங்கு தான். அதனால தான் வயித்து புண்ணு, கிட்னி தொந்தரவு கம்மி, வயசானவங்களுக்கு அது நல்ல மருந்து. உங்க அம்மா அவங்க முட்டிக்கு தாராளமா போடட்டும். ஆனா அந்த கணக்கு மனுஷ தோலுக்கு, கையை கழுவற மனுஷனுக்கு, முட்டியை நக்காத மனுஷனுக்கு. மாட்டுக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

நக்கறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. பூச்சி மருந்து ஐவர்மெக்டினை முதுகுல ஊத்தறோம்ல, இரட்டை கன்னா பொறந்த மாடுங்களை வச்சு பிரான்ஸ்ல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, 2001-ல வந்துச்சு. ஒண்ணை நக்க விட்டாங்க, அதோட ஜோடியை நக்க முடியாம தடுத்தாங்க. ஊத்தின மருந்துல பாதிக்கு மேல நாக்கு வழியா தான் உள்ள போயிருக்கு. தோல் வழி மருந்துன்னு பேரு, போனது வாய் வழி.

இனிமே ஜெல் நிறுத்துங்க. இன்னைக்கே அந்த முட்டியை சோப்பு தண்ணில கழுவிடுங்க. பத்து நாள் தடவி கடைசி நாள் நேத்துன்னா, குழந்தைக்கு அந்த பாலை இப்போதைக்கு குடுக்காதீங்க, வேற மாட்டு பால் வாங்குங்க. மத்த பாலுக்கு எத்தனை நாள்னு கேப்பீங்க. மாட்டுக்குன்னு அனுமதிச்ச மருந்தா இருந்தா அட்டைல இத்தனை நாள் பால் விலக்குன்னு போட்டிருக்கும். இதுக்கு அப்படி ஒரு நாள் கணக்கே கிடையாது, ஏன்னா மாட்டுக்குன்னு யாரும் அனுமதிக்கல. மாட்டை பார்க்கற டாக்டர் கிட்ட நடந்ததை மறைக்காம சொல்லி அவர் சொல்ற வரைக்கும் நிறுத்தி வைங்க.

இப்ப அந்த வீக்கம். நாலு கேள்விக்கு பதில் சொல்லுங்க. புறங்கையை வச்சு பாருங்க, மத்த முட்டியை விட சூடா இருக்கா? அழுத்தினா காலை இழுக்குதா? நடக்கும்போது நொண்டுதா? எப்பவாவது கன்னு வீசியிருக்கா, அதாவது மாசம் நிறையறதுக்கு முன்னாடியே கன்னு விழுந்திருக்கா?

நெல்லிக்குப்பம்_கரும்பு

டாக்டர் ஐயா சொன்னா சரி தான். ஆனா ஒரு டியூப்புல என்ன இருந்துட போகுது, அதுக்கு பாலை எல்லாம் கொட்டணுமா. பால் விலை தெரியும்ல, தவுடு மூட்டை விலையும் தெரியும்ல. ஏழை வயித்துல அடிக்கற மாதிரி இருக்கு.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

அண்ணே உங்க கேள்வி நியாயம், கணக்கு போட்டே சொல்றேன். 30 கிராம் டியூப், அதுல டைக்ளோஃபெனாக் 1.16 சதவீதம்னா கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் மருந்து. டைக்ளோஃபெனாக் மாட்டுக்கு ஊசியா போட்டுக்கிட்டு இருந்த காலத்துல கிலோவுக்கு 1 மில்லிகிராம்னு போடுவோம், 350 கிலோ மாட்டுக்கு 350 மில்லிகிராம். அதாவது ஒரு டியூப்ல இருக்கறது ஒரு ஊசி மருந்து. தடவினது அத்தனையும் ரத்தத்துக்கு போகாது, அதை நானே மேல சொல்லிட்டேன். ஆனா நக்கினது போகும், கன்னு நக்கினது கன்னுக்குள்ள போகும், கன்னோட எடை எவ்ளோன்னு நீங்களே நினைச்சு பாருங்க.

பால் காசு போறது எனக்கும் வலிக்குது. நான் பார்த்த வீடுங்க எல்லாம் அந்த பத்து லிட்டர்ல பொழைக்கற வீடுங்க தான். அதனால தான் மொதல்லயே கேட்டுட்டு போடுங்கன்னு சொல்றேன். மாட்டுக்கு அனுமதிச்ச மருந்துன்னா எத்தனை வேளை பால் நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்தலாம், நஷ்டம் கைக்குள்ள இருக்கும்.

குதிரை_லாயம்

நான் குயிலாப்பாளையம் பக்கம் ஒரு லாயத்துல குதிரை பார்த்துக்கறேன். குதிரைக்கு டைக்ளோஃபெனாக் க்ரீம் இருக்கே, அப்ப மாட்டுக்கு மட்டும் ஏன் கூடாதுன்னு எனக்கும் ரொம்ப நாள் சந்தேகம். எங்க டாக்டரம்மா விளக்கினாங்க. அமெரிக்கால 2004-ல குதிரைக்குன்னே 1 சதவீதம் க்ரீம் ஒண்ணு அனுமதிச்சாங்க. மருந்து சின்ன சின்ன கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சு வச்சிருக்கும், லிப்போசோம்னு பேரு, அது தோல் கொழுப்போட கலந்து மெதுவா மருந்தை விடும். அளவு கூட அங்குலத்துல தான், டியூப்ல இருந்து அஞ்சு அங்குலம் நீளத்துக்கு பிதுக்கி, ரப்பர் கையுறை போட்டுட்டு, வீங்கின மூட்டுக்கு மேல தேய்க்கணும், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, பத்து நாளைக்கு மேல கூடாது. அஞ்சு அங்குலத்துல 73 மில்லிகிராம். கறிக்கு போற குதிரைக்கு போடவே கூடாதுன்னும் இருக்கு. அவ்ளோ கட்டுப்பாடோட தான் ஒரு மிருகத்துக்கு தோல் வழி மருந்து வருது.

எனக்கு இதுல மனசுல நின்னது அந்த கையுறை தான். குதிரைக்கு போடற மருந்துக்கு போடறவன் ஏன் கையுறை போடணும்? என் தோல் வழியாவும் அது உள்ள போகும். பாகூர் தம்பி அம்மா கை கதையை படிச்சதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

டிஎம்எஸ்ஓன்னு ஒரு திரவம் இருக்கு, குதிரைக்கு வீக்கத்துக்கு போடுவாங்க, 1970-ல இருந்தே இருக்கு. அது தோல்ல பட்டா ரொம்ப சீக்கிரம் உள்ள போயிடும், போகும்போது தோல் மேல வேற என்ன ஒட்டியிருக்கோ அதையும் சேர்த்து இழுத்துட்டு போயிடும். கையுறை இல்லாம தொட்டவங்க வாயில கொஞ்ச நேரத்துலயே பூண்டு வாசனை வரும். நான் ஒரு தடவை ஓரமா பட்டு அனுபவிச்சேன், விரல்ல தான் பட்டுச்சு, நாக்குல பூண்டு. தோல்னா என்னன்னு அன்னைக்கு தான் எனக்கு புரிஞ்சுது.

அரியாங்குப்பம்_அக்கா

நான் மாடு வளர்க்கல, ஆனா இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க வீட்டு நாய்க்கு பன்னெண்டு வயசு, லாப்ரடார், பின்னங்கால் ரெண்டும் மூட்டு தேய்மானம். படி ஏறும்போது முனகும். நான் என் தோளுக்கு போடற ஜெல்லை ரெண்டு நாள் போட்டேன். மூணாவது நாள் சாப்பிடல, வாந்தி, கருப்பா மலம். டாக்டர் பார்த்துட்டு வயித்துல ரத்தம் கசியுதுன்னு சொன்னார். நாலு நாள் ட்ரிப்ஸ், புண்ணு ஆத்தற மருந்து. பொழைச்சுது. என்ன போட்டீங்கன்னு கேட்டப்ப நான் வாய் திறந்து சொல்லவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அன்பா தான் போட்டேன். நாய் தன் காலை நக்கும்னு எனக்கு தெரியாதா, தெரியும், ஆனா அந்த நேரத்துல தோணவே இல்ல.

இப்ப அதுக்கு எடை ஆறு கிலோ குறைச்சிருக்கோம், வழுக்கற டைல்ஸ் மேல பழைய ஜமுக்காளம் விரிச்சிருக்கோம், டாக்டர் எடை பார்த்து குடுத்த மருந்து போகுது. நல்லா நடக்குது.

பூனை வச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருங்க. பூனையை தொடாமலே ஆபத்து வரும். அமெரிக்கால 2015-ல ஒரு எச்சரிக்கை விட்டாங்க, ஃப்ளர்பிப்ரோஃபென் இருக்கற வலி க்ரீமை வீட்டுக்காரங்க தங்களோட கழுத்துக்கும் காலுக்கும் தான் தடவியிருக்காங்க, பூனைக்கு தடவவே இல்ல. அவங்களோட இருந்த பூனைங்களுக்கு கிட்னி போச்சு, சிலது செத்தும் போச்சு. மடில வந்து படுக்கும், கையை நக்கும், அப்புறம் தன் மயிரை நக்கும். இந்த மாதிரி மருந்தை பூனை ஈரல் ரொம்ப மெதுவா தான் கழிக்கும்னு டாக்டர் சொன்னார்.

பாகூர்க்காரன்

அக்கா படிச்சுட்டு அம்மாகிட்ட சத்தமா படிச்சு காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் எழுந்து போய் மாட்டு முட்டியை சீயக்காய் போட்டு ரெண்டு தடவை கழுவிட்டு வந்தாங்க.

டாக்டர் சார், உங்க கேள்விக்கு பதில். புறங்கை வச்சு பார்த்தேன், சூடு இல்ல, மத்த முட்டி மாதிரி தான் இருக்கு. அழுத்தினா தண்ணி பை மாதிரி அமுங்குது, காலை இழுக்கல, அசை போட்டுக்கிட்டே நிக்குது. நொண்டல, ஆனா எழுந்திருக்கும்போது முட்டி போட்டு ரொம்ப நேரம் நிக்குது. நாலாவது ஈத்துக்கு முன்னாடி ஒரு தடவை ஏழாம் மாசத்துல கன்னு வீசிடுச்சு. அப்ப யாரும் டெஸ்ட் எதுவும் எடுக்கல.

ஓய்வு_கால்நடை_டாக்டர்

தம்பி நீங்க சொல்றதை பார்த்தா அது மூட்டுக்கு உள்ள வர்ற வீக்கம் மாதிரி இல்ல. தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல நீர் கட்டிக்கிட்டு பை மாதிரி தொங்கும், ஹைக்ரோமான்னு சொல்லுவோம். கடினமான தரைல முட்டி போட்டு போட்டு அந்த இடம் அடிபட்டு அடிபட்டு உடம்பே ஒரு மெத்தை செஞ்சுக்குது. அதுக்கு வலி ஜெல் போட்டாலும் ஒண்ணு தான், தண்ணி தெளிச்சாலும் ஒண்ணு தான். பத்து நாள் தடவியும் குறையலையே.

ஆனா கண்ணால பார்க்காம நான் முடிவா சொல்ல மாட்டேன். ஒரு காரணம் இருக்கு. கன்னு வீசினதுன்னு சொன்னீங்களே, அது என்னை உறுத்துது. புருசெல்லோசிஸ், நம்ம ஊர்ல கன்று வீச்சு நோய்னு சொல்றது, அந்த கிருமி இருக்கற மாட்டுக்கும் முட்டில இதே மாதிரி நீர் பை வரும், அந்த நீருக்குள்ளயே கிருமி இருக்கலாம். அதனால தயவு செஞ்சு யாரையும் ஊசி குத்தி நீரை எடுக்க விடாதீங்க. நானே கண்ணால பார்த்திருக்கேன், பிளேடால கீறி விட்டு வெறும் கையால பிழிஞ்சு எடுப்பாங்க. அந்த கிருமி மனுஷனுக்கும் வரும், விட்டு விட்டு காய்ச்சல், ராத்திரி வேர்வை, முதுகு வலி, மூட்டு வலி, மாசக்கணக்குல இழுக்கும். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலின்னு சொன்னீங்க. வயசு வலியா தான் இருக்கும், ஆனா மாட்டுக்கு கிருமி இருக்குன்னு வந்தா அம்மாவும் ஒரு ரத்த டெஸ்ட் பார்த்துடட்டும். பாலை நல்லா பொங்க காய்ச்சி குடிங்க, பச்சை பால் வேணாம்.

ரத்தமும் பாலும் எடுத்து டெஸ்ட் பண்ணலாம், பெரிய செலவு இல்ல. குரும்பாபேட் கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரி உங்களுக்கு பக்கம். கடலூர் பக்கம் இருக்கறவங்க 1962-க்கு போன் பண்ணா வண்டி வரும். உங்க கிடேரி கன்னுக்கு எத்தனை மாசம்? 4-ல இருந்து 8 மாசத்துக்குள்ள இருந்தா இதுக்கு தடுப்பூசி இருக்கு, போட்டாச்சான்னு கேளுங்க.

பாருங்க, வீக்கம்னு ஒரே வார்த்தை தான். இந்த மாட்டுக்கு நீர் பையா இருக்கலாம். சின்ன கன்னுக்கு தொப்புள்ல சீழ் பிடிச்சு கிருமி ரத்தத்துல ஏறி மூட்டுக்குள்ள இறங்கினாலும் முட்டி வீங்கும், சூடா இருக்கும், கன்னு எழுந்திருக்காது. அதுக்கு ஜெல் தடவிக்கிட்டு நாலு நாள் போக்கினா அந்த மூட்டு அவ்ளோ தான். மூணு நாள் காய்ச்சல்லயும் மூட்டு வீங்கி ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறும். எது எதுன்னு தெரியாம மேல தடவற மருந்து என்ன செய்யும்?

பறவை_நோக்கர்

இதுல நானும் ஒண்ணு சேர்க்கணும். டைக்ளோஃபெனாக் ஏன் தடை ஆச்சுன்னு மேல யாரும் சொல்லல. பாறு கழுகுங்க. தொண்ணூறுகள்ல இருந்து நம்ம நாட்டுல வெண்முதுகு பாறு நூத்துக்கு தொண்ணூத்தொம்பதுக்கு மேல அழிஞ்சு போச்சு. ஏன்னு பல வருஷம் யாருக்கும் புரியல. 2004-ல பாகிஸ்தான்ல நடந்த ஆராய்ச்சி தான் கண்டுபிடிச்சுது. டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்தா, அதை தின்ற பாறுக்கு கிட்னி செயலிழந்து, யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி ஈரல் இதயம் எல்லாத்து மேலயும் படிஞ்சுடும். அந்த படத்தை ஒரு தடவை பார்த்தேன், மறக்க முடியல.

அதுக்கு அப்புறமும் நிக்கல. 2023-ல கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக்னு இன்னும் ரெண்டு வலி மருந்தும் கால்நடைக்கு தடை ஆச்சு. அசெக்ளோஃபெனாக் மாட்டு உடம்புக்குள்ள போய் டைக்ளோஃபெனாக்காவே மாறிடுது. 2024 டிசம்பர் கடைசில நிமெசுலைடும் தடை. மெலாக்சிகாம் பாறுக்கு பாதுகாப்புன்னு 2006-லயே சோதிச்சு சொல்லிட்டாங்க, டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படித்தான்.

நெல்லிக்குப்பம்_கரும்பு

நம்ம கடலூர்ல பாறு ஏது சாமி. எங்க தாத்தா காலத்துல இருந்துச்சாம், கெடிலத்தங்கரைல செத்த மாட்டை போட்டா வந்து இறங்குமாம். நான் பார்த்ததே இல்ல.

பறவை_நோக்கர்

அண்ணே நீங்க பார்க்காததுக்கு காரணமே அதான். இப்ப தமிழ்நாட்டுல மிச்சம் இருக்கறது முதுமலை, மாயாறு, சத்தியமங்கலம் பக்கம். உங்க ஊரு மாடு உங்க ஊருலயே சாகும்னு என்ன நிச்சயம்? கறவை நின்ன மாட்டை வியாபாரிகிட்ட குடுத்தா மேற்கால எந்த சந்தைக்கு போகுது, எந்த வழில எங்க விழுந்து சாகுதுன்னு குடுத்தவங்களுக்கு தெரியாது. ஒரு ஜெல் டியூப்பால பாறு சாகும்னு நான் சொல்ல வரல. மாட்டு உடம்புக்கு அந்த மருந்து வேணவே வேணாம்னு சொல்றேன். உங்க தாத்தா பார்த்ததை எழுதி வைங்க, கெடிலத்தங்கரைல பாறு இறங்கினதுன்னு நான் இதுவரை யாரும் சொல்லி கேட்டதில்ல.

நெல்லிக்குப்பம்_கரும்பு

சரி சாமி. அப்பா இன்னும் இருக்கார், எண்பத்தி நாலு வயசு, அவர்கிட்ட கேட்டு எழுதறேன். ஜெல் விஷயத்துல நான் மொதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஒண்ணும் ஆகலன்னு சொன்னேன், ஆச்சா ஆகலையான்னு அப்ப நான் பார்க்கவே இல்ல.

ஒத்தடம் குடுக்கலாமா டாக்டர் ஐயா?

ஓய்வு_கால்நடை_டாக்டர்

பொறுக்கற சூட்டுல இலை ஒத்தடம் தப்பு இல்ல, புது வீக்கத்துக்கு ஒரு நாள் ரெண்டு நாள் குளிர் தண்ணி ஊத்திட்டு அப்புறம் குடுங்க. கம்பியை பழுக்க வச்சு சூடு இழுக்கறது மட்டும் வேணாம், அதை பல வீட்டுல பார்த்து மனசு விட்டு போயிருக்கேன்.

இன்னொன்னு விட்டுப்போச்சு. மாட்டுக்கு தோல் வழி மருந்தே கிடையாதான்னு நினைச்சுடாதீங்க. ஃப்ளூனிக்சின் முதுகுல ஊத்தற மருந்தா வந்திருக்கு, செவப்பு கலர், தண்டுவடத்து மேல கழுத்து முடியற இடத்துல இருந்து வால் வரைக்கும் ஒரே கோடா ஊத்தணும், கிலோவுக்கு 3.3 மில்லிகிராம். ஐரோப்பால 2014, அமெரிக்கால 2017. குளம்பு அழுகல் வலிக்கும் காய்ச்சலுக்கும். அதே மருந்து தான், ஐரோப்பால கறவை மாட்டுக்கு போட்டு 36 மணி நேரம் பால் நிறுத்தினா போதும்னு விதி, அமெரிக்கால 20 மாசம் தாண்டின பால் மாட்டுக்கு போடவே கூடாதுன்னு விதி. ஒவ்வொரு நாடும் பாலை வச்சு எவ்ளோ யோசிக்குது பாருங்க. அதுவும் மழைல நனைஞ்ச முதுகுல ஊத்தக்கூடாது. நீங்க கவனிக்க வேண்டியது, அது முட்டிக்கு மேல தடவற மருந்து இல்ல, முதுகு வழியா ரத்தத்துல ஏறி அப்புறம் காலுக்கு வர்ற மருந்து, ஊசி மாதிரி தான். குத்தற வலி இல்ல, மாட்டை கட்டி புடிக்க வேணாம், அது தான் லாபம்.

பாகூர்க்காரன்

அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன், கேட்டவங்களுக்கு பதில் சொல்லாம போகக்கூடாது.

குரும்பாபேட் கூட்டிட்டு போனோம், பக்கத்து வீட்டு டெம்போல. ரத்தம் பால் ரெண்டும் எடுத்தாங்க. புருசெல்லா இல்லன்னு வந்துச்சு. அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் அம்மா சரியா தூங்கல. ஜெல் தடவினதை அம்மாவே டாக்டரம்மாகிட்ட சொன்னாங்க, நான் சொல்லல. அவங்க சொன்ன நாள் வரைக்கும் பால் யாருக்கும் குடுக்கல. சொசைட்டில சொல்லி நிறுத்தினோம், அக்கா பையனுக்கு பக்கத்து தெருல வாங்கினோம்.

வீக்கம் நீர் பை தான், மூட்டு நல்லா இருக்கு. குத்தி எடுக்க வேணாம், திரும்ப ஊறும், சீழ் பிடிக்கும்னு சொல்லிட்டாங்க. மருந்து எதுவும் தரல. குளம்பு வளர்ந்திருந்ததை சீவி விட்டாங்க.

நாங்க வீட்டுக்கு வந்தப்புறம் டாக்டரம்மா எங்க கொட்டாயை போட்டோ கேட்டாங்க, அனுப்பினேன். தீனி தொட்டி கீழ இருக்கேன்னு கேட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் நானும் அம்மாவும் உக்காந்து பார்த்தோம். தொட்டி அடில இருக்கற தவுட்டை நக்கறதுக்கு அது ரெண்டு முன்னங்காலையும் மடக்கி சிமெண்ட்ல முட்டி போடுது, வலது முட்டி மொதல்ல விழுது, அப்படியே முன்னால நகர்ந்து நகர்ந்து தேய்க்குது. கால் மணி நேரத்துல ஏழு தடவை. எத்தனை வருஷமா அங்க நின்னு தீனி வச்சிருக்கோம், ஒரு நாளும் இதை பார்த்ததில்ல.

தொட்டியை ரெண்டு அடுக்கு செங்கல் வச்சு உயர்த்தினோம். முன்னால ஆத்து மணல் ஒரு சாண் உயரத்துக்கு கொட்டி மேல வைக்கோல். அம்மா இப்ப கறந்து முடிச்சு, கன்னை கட்டிட்டு, கை கால் கழுவி, ராத்திரி படுக்க போறப்ப தான் தன் முட்டிக்கு ஜெல் தடவறாங்க, காலைல கொட்டாய்க்கு வர்றதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கழுவறாங்க.

வீக்கம் குறையுதான்னு அம்மா தினமும் சணல் கயித்தால முட்டியை சுத்தி அளந்து வாரத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வச்சிருக்காங்க. அஞ்சு முடிச்சு ஆச்சு. மொத முடிச்சுக்கும் இன்னைக்கு போட்டதுக்கும் நடுவுல ரெண்டு விரல் இருக்கு. கயிறு கொட்டாய் தூண்ல மாட்டியிருக்கு.